கிஜாங் மானும் குரோமோசோம்களின் இழுவிசையும்

கோலாலம்பூரின் ஜாலான் டத்தோ ஓனில் உள்ள சாசானா கிஜாங் கட்டடம் ஒரு மானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னம் அந்த மான்தான். 2001-இல் அவ்வங்கி வெளியிட்ட தங்கக் காசுக்கும் கிஜாங் எமாஸ் என்றே பெயர். தமிழ்நாட்டுக் காடுகளில் கேளையாடு என்று அழைக்கப்படும் குரைக்கும் மானின் நெருங்கிய உறவு இந்தக் கிஜாங். பொன்னில் பொறிக்கப்பட்ட இந்தச் சிறிய விலங்கின் குடும்பத்துக்கு உயிரியல் ஆய்வுக்கூடங்களில் வேறொரு மதிப்பும் உண்டு. ஓர் உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்கள் எப்படிப் பிழையின்றிப் பிரிகின்றன என்ற கேள்விக்கு, மனித உடலால் எளிதில் தர முடியாத சான்றுகளை இக்குடும்பம் தந்திருக்கிறது.

1970-இல் டோரிஸ் வுர்ஸ்டரும் கர்ட் பெனிர்ஷ்கேயும் இந்தியக் கேளையாட்டின் குரோமோசோம்களை எண்ணி வெளியிட்டபோது துறையினர் வியந்தார்கள். பெண் விலங்கின் உயிரணுவில் 6, ஆணின் உயிரணுவில் 7. பாலூட்டிகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை இன்றுவரை அறியப்படவில்லை. மலேசியத் தீபகற்பத்துக் கிஜாங்கில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9. இவற்றின் சீன உறவினமான ரீவ்ஸ் கேளையாட்டுக்கோ மனிதனைப் போலவே 46. உருவத்தில் இம்மான்கள் ஒன்றையொன்று ஒத்தவை. டிஎன்ஏயின் மொத்த அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஏறத்தாழ ஒரே அளவுச் செய்தியை ஓரினம் 46 கட்டுகளாகவும் மற்றோரினம் 6 கட்டுகளாகவும் சுமக்கிறது.

பாடநூல்கள் குரோமோசோம் சுருங்குவதை ஒரு கட்டமாகவும், பிரிவதை அடுத்த கட்டமாகவும் தனித்தனியே விளக்குகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பிழைகள் ஏன் நேர்கின்றன என்பது விளங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். குரோமோசோமின் எண்ணிக்கையோ சுருக்கத்தின் கச்சிதமோ தனித்து நின்று பிழையைத் தடுப்பதில்லை. பிரியும் உயிரணுவின் இரு துருவங்களும் எதிரெதிராக இழுக்கும்போது உண்டாகும் இழுவிசையை உயிரணு உணர்கிறது; அதைக் கொண்டு தவறான பிடிகளை அவிழ்த்துத் திருத்துகிறது. சுருக்கத்தின் மிக முக்கியமான பணி, அந்த இழுவிசை உணரப்படும்படி குரோமோசோமுக்கு உறுதி தருவதாகும். கிஜாங் குடும்பமும் கோலாலம்பூரின் மகப்பேறு மருத்துவப் பதிவுகளும் இவ்வாதத்துக்கு இரு வேறு திசைகளிலிருந்து வலுச் சேர்க்கின்றன.

எண்ணிக்கை தரும் மயக்கம்

குரோமோசோம்கள் குறைவாக இருந்தால் பிரிப்பது எளிது என்று தோன்றுவது இயல்பு. இயற்கை அதை ஏற்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஏ. ஆபிரகாமும் சி. ஏ. நினானும் 1954-இல் ஆராய்ந்த ஓஃபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம் என்னும் சிறு பெரணியின் உயிரணுவில் 1,260 குரோமோசோம்கள் இருந்தன. ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா எறும்பு வகை ஒன்றில் ஆண் எறும்புக்கு ஒரே ஒரு குரோமோசோம்தான். இரண்டு உயிர்களும் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வாழ்கின்றன.

2018-இல் இக்கேள்வி நேரடிச் சோதனைக்கும் உள்ளானது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு இயல்பில் 16 குரோமோசோம்கள். சீன ஆய்வுக்குழு ஒன்று அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குரோமோசோம் ஆக்கியது; அமெரிக்கக் குழு ஒன்று இரண்டாக்கியது. இரு வகை ஈஸ்ட்டும் உயிர் பிழைத்தன, பெருகின. வளர்ச்சியில் சிறு பின்னடைவு தெரிந்தது.

ஆய்வுக்கூடம் ஈஸ்ட்டில் செய்ததைப் பரிணாமம் கேளையாட்டில் முன்பே செய்திருந்தது. மான் குடும்பத்தின் மூதாதைக்கு 70 குரோமோசோம்கள் இருந்தன என்பது உயிரணு மரபியலாளர்களின் கணிப்பு. அவை முனையோடு முனையாக ஒட்டி ஒட்டி இந்திய வகையில் மூன்று இணைகளில் வந்து நின்றன. பால் குரோமோசோமான எக்ஸும் ஓர் உடற்குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டது. ஆணிடம் அந்த உடற்குரோமோசோமின் மற்றொரு படி ஒட்டாமல் தனியே நிற்கிறது. அதனால்தான் ஆணுக்கு ஒன்று கூடுதல். மலேசியக் கிஜாங்கில் இந்த ஒட்டுதல் ஒரு படி குறைவாக நடந்திருக்கிறது.

ஆறாகக் குறைந்தாலும் நாற்பத்தாறாக நின்றாலும் இம்மான்கள் காட்டில் நலமாகவே வாழ்கின்றன. ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு பிரிவின் ஒழுங்கை விளக்க முடியாது. ஆனால் ஒட்டி ஒட்டி நீண்டுபோன குரோமோசோம் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. அது நீளத்தைப் பற்றியது.

சுருங்குவது எதற்காக

மனிதனின் மிக நீளமான முதல் குரோமோசோமில் டிஎன்ஏ ஏணியின் படிகளான காரஇணைகள் ஏறத்தாழ 249 மில்லியன் உள்ளன. அந்த இழையை நீட்டி வைத்தால் எட்டரை சென்டிமீட்டர். பிரிவின் நடுக்கட்டத்தில் அது சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்தியக் கேளையாட்டின் முதல் குரோமோசோமிலோ ஏறத்தாழ 1,000 மில்லியன் காரஇணைகள். நீட்டினால் ஓர் அடிக்கும் மேல். அதையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்குள் இரண்டாக்கி, இரு பக்கமும் கொண்டுசேர்த்து, உயிரணு நடுவில் இறுகி இரண்டாவதற்குள் கடைசி நுனிவரை விலக்கியாக வேண்டும். நுனி பின்தங்கினால் பிரியும் இரு உயிரணுக்களுக்கும் நடுவே டிஎன்ஏ பாலம்போல் நீண்டு அறுபடும்.

ஜெர்மானியர் வால்ட்டர் ஃபிளெமிங் 1882-இல் சாயமேற்றிய இழைகளை வரைந்து காட்டிய நாளிலிருந்தே இச்சுருக்கம் தெரிந்த செய்திதான். அதைச் செய்யும் புரதக் கூட்டமைப்பு அடையாளம் காணப்பட நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று. தவளை முட்டைச் சாற்றில் பணிபுரிந்த தட்சுயா ஹிரானோவின் குழு 1997-இல் அதற்குக் கான்டென்சின் என்று பெயரிட்டது. அது டிஎன்ஏயைப் பற்றிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்து வளையமாகத் தள்ளுகிறது. 2018-இல் இக்காட்சியைத் தனி மூலக்கூறு அளவில் படம்பிடித்தவர்கள், ஈஸ்ட்டின் கான்டென்சின் வினாடிக்கு 1,500 காரஇணைகள்வரை இழுக்கக் கூடியது என்று அளந்தார்கள். அதே ஆண்டு கோழி உயிரணுக்களில் நடந்த ஆய்வு வளையங்களின் அடுக்கையும் காட்டியது. கான்டென்சின் இரண்டாம் வகை சுமார் 400 ஆயிரம் காரஇணை கொண்ட பெரிய வளையங்களை அமைக்கிறது. முதலாம் வகை அவற்றுக்குள் சுமார் 80 ஆயிரம் காரஇணை கொண்ட சிறு வளையங்களை மடிக்கிறது.

நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐ. ஷூபர்ட்டும் ஜே. எல். ஔடும் 1997-இல் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த விசியா ஃபாபா செடியில் அதைக் காட்டினார்கள். மிக நீண்ட குரோமோசோம் கரம், பிரிவின்போது அமையும் நுண்குழல் கதிரின் அச்சில் பாதியைத் தாண்டினால் செடியின் வளர்ச்சி குலைகிறது. 2011-இல் ஈஸ்ட்டில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: செயற்கையாக நீட்டப்பட்ட குரோமோசோம், பிரியும் கட்டத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் சுருங்கிக்கொள்கிறது. நீண்டதற்கு ஏற்பச் சுருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உயிரணுவிடம் இருக்கிறது.

அப்படியானால் கச்சிதமான சுருக்கமே போதும் என்று சிலர் முடிவு கட்டலாம். இங்கே மரபணு மருத்துவம் ஒரு மறுப்பை முன்வைக்கிறது. எம்சிபிஎச்1 என்னும் மரபணு பழுதடைந்தவர்களின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் உரிய காலத்துக்கு முன்பே சுருங்கிவிடுகின்றன. பிரிவு முடிந்த பிறகும் விரியத் தாமதிக்கின்றன. சுருக்கத்துக்கு அங்கே குறைவில்லை. ஆனாலும் அக்குழந்தைகள் சிறுத்த தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறக்கிறார்கள். கான்டென்சினின் சொந்த உறுப்புகள் பழுதுபட்டு, சுருக்கம் குறையும்போதும் தலை சிறுத்தே போகிறது. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல் என்றால், சுருக்கத்தின் அளவைத் தவிர வேறொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பிடியும் காத்திருப்பும்

அந்த வேறொன்று, குரோமோசோமின் இடுங்கிய பகுதியான சென்ட்ரோமியரில் இருக்கிறது. படியெடுக்கப்பட்ட ஒவ்வொரு குரோமோசோமும் இரு சகோதர இழைகள் சேர்ந்தது. கொஹீசின் என்னும் வளையப் புரதம் இரண்டையும் பிணைத்து வைக்கிறது. ஒவ்வொரு சகோதர இழையின் சென்ட்ரோமியர் மீதும் கைனெட்டோகோர் என்னும் பற்றிடம் கட்டப்படுகிறது. உயிரணுவின் இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் நீண்டு, சுருங்கி, மீண்டும் நீண்டு துழாவுகின்றன; அகப்பட்ட பற்றிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சகோதரியை ஒரு துருவமும் மற்றவளை எதிர்த்துருவமும் பிடித்தால் அதுவே சரியான பிடி.

துழாவிப் பிடிப்பதில் தவறு நேராதிருக்காது. இரு சகோதரிகளையும் ஒரே துருவம் பிடிக்கலாம். ஒரே பற்றிடத்தை இரு துருவங்களும் பிடிக்கலாம். எது சரி, எது தவறு என்று உயிரணு எப்படி அறிகிறது? இதற்கு விடை காண அமெரிக்க அறிஞர் புரூஸ் நிக்லாஸ் வெட்டுக்கிளியை நாடினார். 1969-இல் அவரும் கரோல் கோச்சும் வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய் உயிரணுவுக்குள் மெல்லிய ஊசியை நுழைத்துக் குரோமோசோமை இழுத்துப் பார்த்தார்கள். ஊசியால் இழுவிசை கொடுத்தபோது தவறான பிடியும் அவிழாமல் நிலைத்தது; இழுவிசை இல்லாதபோது அது தானே அவிழ்ந்து, வேறு பிடி தேடியது. 1995-இல் நிக்லாஸும் லீயும் கும்பிடுபூச்சியின் உயிரணுவில் இன்னொன்றைக் காட்டினார்கள். இணையின்றித் தனித்து நின்று பிரிவைத் தாமதப்படுத்திய ஒரு குரோமோசோமை ஊசியால் இழுத்ததும், அந்தத் தாமதம் நீங்கிப் பிரிவு தொடங்கியது. ஒரு கண்ணாடி ஊசியின் இழுப்பை உயிரணு சரியான பிடியின் அடையாளமாக ஏற்றுக்கொண்டது.

இழுவிசை குன்றிய இடத்தில் அரோரா பி என்னும் நொதி பிடியைத் தளர்த்துகிறது. இழுவிசை கூடினால் பற்றிடம் அந்நொதியின் எட்டிலிருந்து விலகி நிற்கிறது; பிடி நிலைக்கிறது. இங்கேதான் சுருக்கமும் பிரிவும் சந்திக்கின்றன. வடம் இழுக்கும் போட்டியில் வடம் ரப்பரைப் போல் நீண்டுகொண்டே போனால், எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறாரா என்பதை இழுப்பவரின் கை உணராது. சென்ட்ரோமியர் பகுதியில் கான்டென்சினைக் குறைத்த சோதனைகளில் நடந்தது அதுதான்: இரு பற்றிடங்களுக்கும் இடையிலான குரோமாட்டின் (டிஎன்ஏயும் புரதமும் சேர்ந்த இழை) அளவுக்கு மீறி நீண்டது, இழுத்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்தன்மை குன்றியது. கான்டென்சின் டிஎன்ஏயின் நீளத்தைக் குறைப்பதோடு நிற்கவில்லை. இழுத்தால் எதிர்த்து நிற்கும் விறைப்பையும் அதுவே தருகிறது.

அடுத்தது காத்திருப்பு. 1991-இல் இரு ஆய்வுக்குழுக்கள் ஈஸ்ட்டில் மேட், பப் என்னும் மரபணுக்களைக் கண்டறிந்தன. பிடிபடாத பற்றிடம் ஒன்று இருக்கும்வரை, இம்மரபணுக்களின் புரதங்கள் பிரிவைத் தடுத்து நிறுத்துகின்றன. கான்லி ரீடரின் குழு 1994-இல் பாலூட்டி உயிரணுக்களைப் பார்த்துக் கணக்கிட்டது: கடைசிப் பற்றிடம் பிடிபட்டபின் சராசரி 23 நிமிடத்தில் பிரிவு தொடங்குகிறது. மறு ஆண்டு, பிடிபடாத கடைசிப் பற்றிடத்தை லேசர் கதிரால் அழித்தபோது தடை நீங்கியது. எத்தனை குரோமோசோம்கள் தயாராக இருந்தாலும், ஒன்றே ஒன்றுக்காக உயிரணு முழுவதும் காத்திருக்கிறது. தடை நீங்கியதும் செபரேஸ் என்னும் நொதி கொஹீசினை வெட்டுகிறது, சகோதரிகள் பிரிகிறார்கள்.

கேளையாட்டின் சாட்சியம்

இந்த விளக்கத்துக்கு மிகக் கடினமான சோதனை கேளையாட்டின் உயிரணுவிலிருந்து வந்தது. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்களை உயிரோடு தனித்தனியே அடையாளம் கண்டு தொடர்வது கடினம். இந்தியக் கேளையாட்டுப் பெண்ணிடம் மூன்றே வகை. ஒவ்வொன்றையும் உருவத்தைக் கொண்டே இனங்காணலாம். இன்னொரு வசதியும் உண்டு. ஒட்டுதலின் விளைவாக எக்ஸ் குரோமோசோமின் பற்றிடம் மற்றவற்றைவிட மிகப் பெரியது. ஒரே உயிரணுவில் சிறிய பற்றிடமும் பெரிய பற்றிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பற்றிடத்தின் அளவு பிரிவை எப்படிப் பாதிக்கிறது என்று ஒப்பிட முடிகிறது.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஹெல்டர் மையாத்தோவின் குழு 2018-இல் அந்த ஒப்பீட்டை வெளியிட்டது. பெரிய பற்றிடம் அதிக நுண்குழல்களைப் பிடிக்கிறது. பெரிய பற்றிடமுள்ள குரோமோசோம் இரு துருவப் பிடியை எளிதில் அடைந்து, நடுத்தளத்துக்கு வந்து சேர்வதில் மற்றவற்றைவிட இரு மடங்கு முந்துகிறது. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரே பற்றிடத்தை இரு துருவங்களும் பிடித்துக்கொள்ளும் பிழை பெரிய பற்றிடத்திலேயே அதிகம். கடைசியில் தவறான பக்கம் போவதும் அதுவே. விரைவாகப் பிடிபடும் அதே பண்பு பிழைக்கும் வாசலாகிறது.

இந்தப் பிழை ஏன் முன்கூட்டியே பிடிபடுவதில்லை என்பதை இழுவிசைக் கருத்து தெளிவாக விளக்குகிறது. பற்றிடம் காலியாக இல்லை; ஆகவே மேட், பப் புரதங்கள் எச்சரிக்கவில்லை. இரு பக்கமும் இழுப்பதால் ஓரளவு இழுவிசையும் இருக்கிறது. ஆகவே அரோரா பி முழு வேகத்தில் அவிழ்ப்பதில்லை. சோதனையில் தேறிவிடும் பிழை இது. டானியேலா சிமினியின் குழு 2001-இலேயே, பாலூட்டிகளின் வளர்ப்பு உயிரணுக்களில் எண்ணிக்கை பிறழ்வதற்கு இவ்வகைப் பிடி ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியிருந்தது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது: வளர்ப்புத் தட்டில் வளரும் உயிரணுக்கள் காட்டில் திரியும் மான் ஆகுமா? ஆகாது. இயல்பான பிரிவில் திருத்தும் ஏற்பாடு வலுவாக இயங்குகிறது என்பதை மையாத்தோ குழுவினரே எழுதியிருக்கிறார்கள். அந்த ஏற்பாடு எங்கே வலுவிழக்கிறது என்பதை அறிய வளர்ப்புத் தட்டே தகுந்த களம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நீண்டு பருத்த குரோமோசோம் சரியாகச் சுருங்காததால்தான் பிழை நேர்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது? இதற்கு இரு வகையில் விடை உண்டு. குரோமோசோமின் கரங்களைத் துருவத்திலிருந்து தள்ளும் விசையை மையாத்தோ குழு குறைத்துப் பார்த்தபோதும், பெரிய பற்றிடத்தின் பிழைச் சாய்வு மாறவில்லை. 2020-இல் இந்திய, சீனக் கேளையாடுகளின் முழு மரபுத்தொகுதியை ஒப்பிட்ட ஆய்வும் துணை நிற்கிறது. பிரிவுக்கு இடைப்பட்ட காலத்தில் உட்கருவுக்குள் நெடுந்தொலைவுத் தொடர்புகள் மாறியிருந்தன. ஒட்டிய இடத்துக்கு அருகிலும் உள்ளூர் நெருக்கம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆகவே பிழையின் இடம் கரத்தின் நீளத்தில் இல்லை, பற்றிடத்தில் இருக்கிறது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

காத்திருப்பை நீட்டிக்கும் செடிகள்

காத்திருப்பின் ஆற்றலை மருத்துவம் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது, தமிழர்கள் நன்கு அறிந்த இரு செடிகளின் வழியே. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையில் கோல்ச்சிசின் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் இன்றும் அது விதைக்காகவே பயிராகிறது. கோல்ச்சிசின் நுண்குழலின் கட்டுமானப் புரதத்தைப் பற்றிக்கொண்டு கதிர் உருவாகாமல் தடுக்கிறது. பற்றிடங்கள் காலியாக நிற்கின்றன. உயிரணு சுருங்கிய குரோமோசோம்களோடு அப்படியே நிற்கிறது. எண்ணுவதற்கு அதைவிடத் தகுந்த நிலை இல்லை. ஜாவாவில் பிறந்து, ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது முகாமில் சிறைப்பட்டு மீண்ட ஜோ ஹின் தியோ, சுவீடனின் லுண்டு நகரில் இம்மருந்தின் துணையோடு மனிதக் குரோமோசோம்களைப் பிரித்து எண்ணினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 48 என்று நம்பப்பட்ட எண்ணிக்கை 46 என்று திருந்தியது. ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956-இல் அவர் வெளியிட்ட அக்கட்டுரைக்குப் பின்னால் இருந்தவர் நம் மலாய்த் தீவுக்கூட்டத்தின் பிள்ளை.

மற்றொரு செடி நித்தியகல்யாணி. மடகாஸ்கரில் தோன்றி வெப்ப மண்டலமெங்கும் வீட்டு வாசல்களில் பூக்கும் இச்செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதற்கு இன்றும் நிலையான இடம் உண்டு. அதுவும் நுண்குழலையே குலைக்கிறது. புற்று உயிரணு காத்திருப்பில் சிக்கி மடிகிறது. சில உயிரணுக்கள் மடியாமல், பிரியாமலேயே அக்கட்டத்திலிருந்து நழுவி வெளியேறுவதும் உண்டு. காத்திருப்புக்கு எல்லை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

தாயின் வயதும் தளரும் பிணைப்பும்

ஜெரோம் லெஜூனும் சக ஆய்வாளர்களும் 1959-இல் டவுன் நோய்க்கூறுக்கு 21-ஆம் குரோமோசோமின் கூடுதல் படியே காரணம் என்று அறிவித்தார்கள். கோலாலம்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை ஒன்றரை ஆண்டு தொடர்ந்து கவனித்து 1989-இல் வெளியான ஆய்வு, உயிரோடு பிறக்கும் 959 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இந்நிலை என்று கணக்கிட்டது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இக்குழந்தைகள் பிறக்கிறார்கள். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது: 25 வயதில் ஏறத்தாழ 1,250-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று.

வயது ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது? கருமுட்டையின் குரோமோசோம்களைப் பிணைக்கும் கொஹீசின், ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே பூட்டப்படுகிறது. சுண்டெலிகளில் நடந்த சோதனைகள், அதன்பின் அது புதுப்பிக்கப்படுவதில்லை என்று காட்டின. நாற்பது வயதுப் பெண்ணின் கருமுட்டையில் நிற்கும் பிணைப்பு நாற்பது ஆண்டுப் பழையது. ஆண்டுகள் செல்லச் செல்ல வளையங்கள் உதிர்கின்றன. சகோதரப் பற்றிடங்கள் விலகுகின்றன. எதிரெதிர் இழுப்பு உறுதியாகப் பதிவதில்லை. மெலினா ஷூவின் குழு 2015-இல் மனிதக் கருமுட்டையை உயிரோடு படம்பிடித்தபோது, அங்கே நுண்குழல் கதிர் அமையவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது என்றும், அதுவரை கதிர் நிலையற்று ஆடுகிறது என்றும் கண்டது. காலம் தாராளமாக இருந்தும் பிழை நிற்கவில்லை. பிணைப்புத் தளர்ந்துவிட்ட பின் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், உயிரணுவுக்கு உணர்வதற்கு இழுவிசை இல்லை.

கேளையாட்டின் ஒட்டுதல் இங்கும் எட்டிப்பார்க்கிறது. டவுன் நோய்க்கூறுள்ள நூறு குழந்தைகளில் மூன்று, நான்கு பேருக்குக் கூடுதல் 21-ஆம் குரோமோசோம் தனியாக இருக்காது. வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அவ்வகை ஒட்டுதலைச் சுமக்கும் பெற்றோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர் ஏதோ ஓர் ஒட்டிய குரோமோசோமைச் சுமக்கிறார். சாதாரண உயிரணுப் பிரிவில் அது தொல்லை தருவதில்லை; விந்தும் முட்டையும் உருவாகும் பிரிவில், ஒட்டிய ஒன்றும் ஒட்டாத இரண்டும் மும்முனையாக இணைசேரும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

குழந்தை இப்படிப் பிறந்தால் தாயையே குற்றவாளியாக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் ஓயவில்லை. கர்ப்பத்தில் அவள் என்ன தின்றாள், எங்கே போனாள், எதைப் பார்த்தாள் என்று விசாரிக்கிறார்கள். அறிவியல் இதற்குத் தரும் பதில் தெளிவானது. பெரும்பாலான நேர்வுகளில் பிழை நிகழ்வது கருத்தரிப்பதற்கு முன்பே. அதற்கு வழிவிட்ட பிணைப்போ அந்தத் தாய் பிறப்பதற்கும் முன்பே பூட்டப்பட்டது. அவள் செய்ததும் செய்யாமல் விட்டதும் அதில் சேராது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர்கள், தாதியர், ஆசிரியர்கள் இதைத் தமிழிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும்

மலேசிய இடைநிலைப் பள்ளியில் உயிரணுப் பிரிவு நான்காம் படிவ உயிரியலில் இடம்பெறுகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்துவந்த மாணவர்களும் அந்தப் பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் சந்திக்கிறார்கள். பாடத்தின் மையம் கட்டங்களின் வரிசை: சுருங்கும், நடுவில் அணிவகுக்கும், விலகும், விரியும். எஸ்.பி.எம். தேர்வுக்கு அந்த வரிசை போதும். ஆனால் கட்டங்களை மனப்பாடம் செய்த மாணவர், டவுன் நோய்க்கூறும் புற்றுநோயும் அதே பாடத்தின் கடைசியில் ஏன் வருகின்றன என்பதைச் சொல்லத் திணறுவார். பிடி, இழுவிசை, திருத்தம், காத்திருப்பு என்ற நான்கும் வரிசைக்குள் சேர்ந்தால் அந்தத் தொடர்பு தானே விளங்கும். அணிவகுப்பதாகக் காட்டப்படும் நடுக்கட்டம் உண்மையில் உயிரணு ஓயாமல் பிடித்துப் பார்த்து, அவிழ்த்து, மீண்டும் பிடிக்கும் நேரம். ஆசிரியர் இதை ஒருமுறை விளக்கினாலே போதும். படத்தில் உறைந்து நிற்கும் குரோமோசோம்கள் மாணவரின் மனத்தில் இயங்கத் தொடங்கும்.

ஆய்வாளர்களுக்கும் இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. மையாத்தோ குழு பயன்படுத்தியது 6 குரோமோசோம் கொண்ட இந்திய வகை. மலேசியத் தீபகற்பத்துக் கிஜாங் ஓர் ஒட்டுதல் குறைவான 8 குரோமோசோம் வகை. இரண்டின் உயிரணுக்களையும் ஒரே தட்டில், ஒரே சூழலில் வளர்த்து, ஒவ்வொரு குரோமோசோமின் பற்றிட அளவையும் பிழை விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அளக்கலாம். பற்றிடமே பிழையைத் தீர்மானிக்கிறது என்ற வாதம் சரியானால், இரு வகையிலும் பிழை பற்றிடத்தின் அளவைப் பின்தொடர வேண்டும். கரங்கள் எவ்வளவு நீண்டாலும் அந்த உறவு மாறக் கூடாது. கரம் நீள நீளப் பிழையும் கூடுகிறது என்று முடிவு வந்தால், இக்கட்டுரையின் வாதம் திருத்தப்பட வேண்டும். சுருக்கத்துக்கு இங்கே தரப்பட்டதைவிடப் பெரிய பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். பாங்கியிலும் செராசிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உயிரணு வளர்ப்புக்கான கூடங்கள் இருக்கின்றன. தேவைப்படும் விலங்கு இந்நாட்டுக் காட்டிலேயே வாழ்கிறது. தோலின் ஒரு சிறு துணுக்கிலிருந்து விலங்குக்குத் தீங்கின்றி உயிரணுக்களை வளர்க்கும் முறையும் நன்கு தெரிந்ததே.